தொப்பிக்கொட்டை கொட்டிய வருடம்

1

இந்த வருடம் எங்கள் கொல்லையில் சத்தமே இல்லை. தகரக் கொட்டகைக்கு மேலே கிளை பரப்பி நிற்கும் ஓக் மரம், அக்டோபர் பாதி கடந்தும் ஒரு கொட்டையைக்கூடப் போடவில்லை. போன வருடம் இதே நாட்களில் தகரத்தின் மேல் ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள், வீட்டின் மேல் யார் கல்லெறிகிறார்கள் என்று கேட்டார்கள். இப்போது ஓர் அணில் மட்டும் புல்தரையை இங்கொரு இடம் அங்கொரு இடம் தோண்டிப் பார்த்துவிட்டு, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறது. அது போன வருடம் புதைத்து வைத்ததை நான்தான் எடுத்துவிட்டேன் என்று நினைக்கிறதோ என்னவோ.

எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் வேலைவிட்டு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்குப் போய் அந்த மரத்தை அண்ணாந்து பார்க்கிறேன். என் மனைவி கிரேஸ், மரத்துக்கு அட்டென்டன்ஸ் எடுத்தாயிற்றா என்று கேட்கிறாள். போன வருடம் நடந்ததை எழுதி முடித்தாலாவது கொஞ்சம் அடங்குமோ என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தூத்துக்குடிக்காரன். வ.உ.சி. துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் கண்டெய்னர் பின்னாலும் கஸ்டம்ஸ் மேசை பின்னாலும் அலைந்தவன். அதே வேலையின் வேறொரு வடிவத்துக்காக இங்கிலாந்தின் தெற்குக் கரையில் சவுத்தாம்ப்டனுக்கு வந்தேன். துறைமுகத்தை விட்டுத் துறைமுகத்துக்கு வந்ததை ஊர் மாறியதாகவே நான் நெடுநாள் எண்ணவில்லை. ஆனால் வீடு கிடைத்தது துறைமுகத்துக்குக் கொஞ்சம் தள்ளி, நியூ ஃபாரஸ்ட் என்ற காட்டின் ஓரக் கிராமத்தில். பெயரில்தான் புதுக்காடு. பழைய ராஜா ஒருவர் தன் வேட்டைக்காக ஒதுக்கிக்கொண்ட காடு அது. இங்கே குதிரை, மாடு, கழுதை எல்லாம் தெருவில் தன் இஷ்டத்துக்குத் திரியும். ஒவ்வொன்றுக்கும் உடையவர் உண்டு, ஆனால் கயிறு கிடையாது. திருச்செந்தூர் ரோட்டில் மாடு படுத்திருந்தால் பஸ் என்ன செய்யுமோ அதையேதான் இங்கே குதிரைக்கும் செய்கிறது. வீடு பார்க்க வந்த அன்று நடுரோட்டில் நின்ற ஒரு குதிரையைப் பார்த்துத்தான் இந்த வீட்டுக்குச் சரி என்று சொன்னேன்.

இத்தனை வருடத்தில் திரும்பிப் போய்விடலாம் என்று நான் நினைக்காத மாதம் இல்லை. பழைய நண்பன் செல்வின் சொந்தமாக ஏஜென்சி வைத்திருக்கிறான். வந்தால் பாதிக்குப் பாதி பங்காளி என்கிறான். பார்ப்போம் என்கிறேன். போனால் என் மகள் ரூத்துக்கு ஊர் ஒட்டாது. போகாவிட்டால் அங்கே தனியாக இருக்கும் என் அக்கா எஸ்தர் எங்களுக்கு இல்லாமலே போய்விடுவாள். பதினாறு வயது ரூத்துக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. நாசரேத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற அக்காவுக்கு இங்கிலீஷ் இலக்கணப் பிசகில்லாமல் வரும், ஆனால் அந்த உச்சரிப்பு ரூத்தின் காதில் ஏறாது. ஆகவே போனில் இரண்டு பேருக்கும் நடுவில் நான். அவள் சொன்னதை இவளுக்கும் இவள் சொன்னதை அவளுக்கும் மாற்றிச் சொல்லும்போது கொஞ்சம் சர்க்கரையும் சேர்ப்பேன். ரூத் தோளைக் குலுக்கினால், அத்தையை ரொம்பத் தேடுகிறாளாம் என்று அக்காவிடம் சொல்வேன். இந்த இரண்டு பேரையும் கட்டி வைத்திருக்கும் கயிறு நான்தான் என்று எனக்கொரு நினைப்பு.

2

வீடு வாங்கிய புதிதில் எதிர்வீட்டு ஜோன் வந்து கைகுலுக்கினார். எழுபதைத் தாண்டிய பெண்மணி, எந்நேரமும் ரப்பர் பூட்ஸ். காட்டில் குதிரையும் பன்றியும் மேயவிடும் உரிமையைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் குடும்பம். உங்கள் வீட்டுக்கும் 'மாஸ்ட்' உரிமை உண்டு, தெரியுமா என்றார்.

துறைமுகத்தில் பிழைத்தவனுக்கு மாஸ்ட் என்றால் ஒன்றே ஒன்றுதான், பாய்மரம். பழைய துறைமுகத்தில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றும் தோணிகளின் பாய்மரத்தை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவன் நான். இந்தக் காட்டு ஓக்கில்தான் ஒரு காலத்தில் கப்பல் கட்டினார்கள் என்பதையும் எங்கேயோ கேட்டிருந்தேன். இரண்டையும் நானே முடிச்சுப் போட்டுக்கொண்டு, காட்டுக்குள் போய் ஒரு பாய்மரம் வெட்டிக்கொள்ளும் உரிமை என் வீட்டுக்கு இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன். அக்காவின் சபையில் பெண்கள் ஐக்கியம் வரைக்கும் அந்தச் சேதி போய்விட்டது.

அது பாய்மரம் இல்லை என்று தெரியச் சில வருடங்கள் ஆயின. ஓக் மரமும் பீச் என்ற இன்னொரு மரமும் உதிர்க்கும் கொட்டைகளுக்கு இங்கே பழைய காலத்துப் பெயர் மாஸ்ட். அந்தக் கொட்டைகளைத் தின்னப் பன்றிகளைக் காட்டுக்குள் விடலாம் என்பதுதான் உரிமை. நான் பாய்மரம் என்று நினைத்திருந்ததை ஜோனிடம் சொன்னபோது அவர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"பாய்மரம் பாய்மரம்னு ஊரெல்லாம் சொல்ல வச்சிட்டு, கடைசில பன்னித் தீவனமால?" என்றாள்.

ஜோன்தான் எனக்கு இந்தக் கொட்டைகளின் போக்கைச் சொல்லித் தந்தவர். நம்மூர் மரங்களுக்குக் காய்ப்பதில் ஒரு ஒழுங்கு உண்டு. முருங்கையோ புளியோ வாதாம் மரமோ, கூடக்குறைய வருடா வருடம் காய்க்கும். ஓக் அப்படி இல்லை. இரண்டு மூன்று வருடம் பேருக்குக் கொஞ்சம் போட்டுவிட்டு, திடீரென்று ஒரு வருடம் காட்டிலிருக்கும் மரங்களெல்லாம் பேசி வைத்துக்கொண்டது போலச் சேர்ந்து கொட்டித் தீர்க்கும். அதைத்தான் மாஸ்ட் வருடம் என்கிறார்கள். மெலிந்த வருடங்களில் அணில், எலி, புறா, மான் எல்லாம் பாதிப் பட்டினி. கொட்டும் வருடத்திலோ அவை தின்னத் தின்னத் தீராது. தின்றது போக மிஞ்சினால்தானே மரத்துக்குக் கன்று. ஜே என்றொரு பறவை, காக்கைக் குடும்பம், நீல இறகு தெரியப் பறக்கும். அது கொட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் வெகுதூரத்தில் மண்ணுக்குள் குத்தி வைக்கும். அது மறந்த இடங்களில்தான் பாதிக் காடு முளைத்தது என்றார் ஜோன்.

இதில் ஒரு கொடுமை உண்டு. பன்றிக்கு அமிர்தமான அந்தக் கொட்டை குதிரைக்கும் மாட்டுக்கும் விஷம். பச்சையாக விழுந்ததை அளவுக்கு மீறித் தின்றால் வயிறு கெட்டு, சிறுநீரகம் கெட்டு, விழுந்துவிடும். அதனால் இலையுதிர் காலம் வந்ததும் மூக்கில் வளையம் போட்ட பன்றிகளைக் காட்டுக்குள் விடுகிறார்கள். பன்றிகள் தின்றுகொண்டே போக, குதிரைகள் பிழைக்கும். இதையெல்லாம் நான் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பன்றி வரைக்கும் சொன்னேன். குதிரையைப் பற்றிச் சொன்னேனா என்று எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

3

அக்கா போன வருடம் கோடை முடிவில் வந்தாள். அத்தான் சாகுபுரம் ரசாயன ஆலையில் வேலை பார்த்தவர். ஓய்வுபெற்ற மறுவருடமே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. ஆறுமுகநேரியில் உப்பளத்தைப் பார்த்த வீட்டில் நான்கு ஆடுகளோடு இருக்கிறாள். விசாவுக்கு எழுதும்போது, திரும்பி ஊருக்கு வருவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று ஒரு கேள்வி இருந்தது. பென்ஷன், சொந்த வீடு என்று நான் எழுதினேன். ஆடுகளையும் எழுது என்று பிடிவாதம் பிடித்தாள். எழுதவில்லை என்று தெரிந்ததும், மெய்யான காரணத்தை விட்டுவிட்டாயே என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆடுகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, ஆடுகளுக்கு என்று தனியாக ஒரு மூட்டை உடை நெத்தும் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினாள்.

உடை மரம் நம்மூர்ச் செம்மணல் தேரியிலும் தரிசிலும் குடை விரித்தாற்போல் நிற்கும் முள்மரம். அதன் காய்ந்த நெத்துக் காய்தான் கோடையில் ஆட்டுக்குச் சோறு. துரட்டி போட்டு உலுக்கி, உதிர்ந்ததைக் கூட்டி அள்ளி, வாசலில் குவித்தால் ஆடு நெட்டித் தள்ளிக்கொண்டு வரும். நெத்தைக் காலில் மிதிபட விட்டால் அக்காவுக்குப் பிடிக்காது. அதே அக்காதான் இளஞ்சோளப் பயிரைத் தின்றால் ஆடு செத்துப்போகும் என்று ஊர்ப் பிள்ளைகளைத் துரத்துகிறவளும். தீவன விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது என்பதுதான் எங்கள் எல்லோருடைய எண்ணமும், அவளுடைய எண்ணமும்.

செப்டம்பர் கடைசியில் கொட்ட ஆரம்பித்தது. முதல் நாள் அக்கா ஒன்றைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வழவழவென்று ஒரு கொட்டை, தலையில் சொரசொரப்பாக ஒரு கிண்ணம். அகராதியில் கருவாலி என்று இருக்கிறது. யார் வாயிலும் நான் அதைக் கேட்டதில்லை. அக்கா அன்றைக்கே 'தொப்பிக்கொட்டை' என்று பெயர் வைத்தாள். ரூத்துக்கு அந்தப் பெயர் பிடித்துப்போய் நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் ஆசைப்பட்டுச் சொன்ன முதல் தமிழ் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். அத்தையும் அவளும் அந்த வாரங்களில் நான் இல்லாமலே ஏதோ ஒரு பாஷையில் பேசிக்கொண்டார்கள். அக்கா அவளுடைய தலையை இழுத்துப் பின்னிவிட்டாள். இவளும் அதை அவிழ்க்காமல் ஸ்கூலுக்குப் போனாள்.

ரூத்துக்கு வீட்டைவிட எதிர்வீடுதான் பிரதானம். சனி ஞாயிறு முழுக்க ஜோனின் குதிரைகளோடு கிடப்பாள். சர்ச்சுக்கு வரமாட்டாள், சாணி அள்ளப் போவாள். ஜோனிடம் ஹேசல் என்றொரு பழுப்புப் பெண்குதிரை இருந்தது. அது சினையாக இருந்தது. வசந்தத்தில் குட்டி போட்டால், பெயர் வைப்பதும் பழக்குவதும் ரூத் பொறுப்பு என்று ஜோன் வாக்குக் கொடுத்திருந்தார். என் மகள் எதற்காகவாவது ஏழெட்டு மாதம் காத்திருக்கத் தயாரானது அதுதான் முதல் தடவை. பெயரை எங்களிடம்கூடச் சொல்லவில்லை. அத்தையின் காதில் மட்டும் சொல்லியிருந்தாள்.

கொல்லையில் கொட்டை கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. நான் கூட்டிக் கூட்டித் தோட்டக் குப்பைக்கான பழுப்புத் தொட்டியில் நிரப்பினேன். கவுன்சில் வண்டிக்காரர்கள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பாரம் அதிகம் என்று ஒரு சீட்டைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பாதியைக் குறைத்து மறுபடி வைக்க வேண்டும். இந்த ஊரில் குப்பைக்கும் அதிகாரி சொல்வதுதான் சட்டம் என்று அக்காவிடம் அலுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.

"இம்புட்டு நல்ல நெத்தக் குப்பையில போடுதீயளே, ஒங்களுக்கு அடுக்குமால?" என்று அவள் கேட்டது காதில் விழுந்தது. நான் காரில் ஏறிவிட்டேன்.

4

ஒரு சனிக்கிழமை காலையில் ரூத் பூட்ஸோடு வீட்டுக்குள் ஓடி வந்தாள். எங்கள் வேலிக்கு வெளியே ஹேசல் படுத்துக்கிடக்கிறது, எழுந்திருக்க மாட்டேன் என்கிறது என்றாள். எல்லோரும் ஓடினோம். ஜோன் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முழந்தாளிட்டிருந்தார். குதிரை தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பக்கத்தில், எங்கள் கேட்டை ஒட்டி, ஒரு குவியலின் மிச்சம் கிடந்தது. கொட்டைகள் இல்லை. தொப்பிகள்தான் சிதறிக் கிடந்தன.

ரூத் அதைப் பார்த்தாள். இதை யார் இங்கே போட்டது என்று கேட்டாள்.

"நாந்தான்," என்றாள் அக்கா. "தெனமும் காலையில போடுதேன். ஆசையா வந்து தின்னுதுக."

சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ரூத் இங்கிலீஷில், நீதான் அதைக் கொன்றாய் என்றாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அக்காவுக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் கிரேஸ் என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். அவள் நர்ஸ், எதற்கும் பதறாதவள். அன்றைக்குப் பதறினாள். ஜோன் யாருக்கோ போன் பண்ணினாராம், அஜிஸ்டர் வருகிறாராம். அக்கா பேரில் புகார் எழுதினால் விசா என்ன ஆகும், அடுத்த தடவை விடுவார்களா என்றாள். தெருவெல்லாம் கொட்டைதான் கிடக்கிறது, எந்தக் குதிரை எங்கே தின்றது என்று யாருக்குத் தெரியும், அந்தத் தொப்பிகளைக் கூட்டி அள்ளிவிட்டால் போதும் என்றாள். எனக்கும் அது சரி என்றும் பட்டது, சரியில்லை என்றும் பட்டது. பார்ப்போம் என்றேன். நான் எல்லாவற்றுக்கும் சொல்கிற பதில் அதுதான்.

அஜிஸ்டர் என்றால் காட்டில் திரியும் கால்நடைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள். இந்த வட்டாரத்துக்கு வெளியே அந்தச் சொல்லை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அக்கா கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறாள். அவள் காதில் விழுந்தது வேறு.

கொஞ்ச நேரத்தில் அறையிலிருந்து வெளியே வந்தாள். சர்ச்சில் இராப்போஜன ஞாயிற்றுக்கு மட்டும் கட்டுகிற வெள்ளைப் பருத்திச் சேலை. தோளில் கைப்பை, கையில் பாஸ்போர்ட்.

"எங்க கெளம்பிட்ட?" என்றேன்.

"மாஜிஸ்திரேட்டு வாராராம்லா," என்றாள். "அவரு விசாரிச்சு நாஞ் சொல்லதவிட, நானே முந்திச் சொல்லிருதேன்."

கிரேஸ் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழவும் செய்தாள். அது மாஜிஸ்திரேட் இல்லை அக்கா, குதிரையைப் பார்க்க வருகிற ஆள் என்று நான் விளக்கினேன். யாராக இருந்தால் என்ன, அதிகாரிதானே என்றாள். இங்கே கொட்டை இல்லாத இடமே இல்லை, உன்னால்தான் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டேன்.

"யாராலன்னு தெரியலன்னா, நான் போட்டது இல்லன்னு ஆயிருமா? இளஞ்சோளம் தெரியும், இது தெரியாதுன்னா கேட்டுருக்கணும்லா. நான் கேக்கலய," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

ஜோனின் முற்றத்தில் ஹேசலை எப்படியோ எழுப்பி லாயத்துக்குள் நடத்தியிருந்தார்கள். கால்நடை மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் மருந்து செலுத்திக்கொண்டிருந்தார். சேறு படிந்த உடுப்பில் ஒரு வாட்டசாட்டமான ஆள் பக்கத்தில் நின்றார். அவர்தான் அஜிஸ்டர். ரூத் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். அக்கா நேராக அந்த ஆளுக்கு முன்னால் போய் நின்று, வகுப்பறைக் குரலில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி இங்கிலீஷில் சொன்னாள். வாசலில் கொட்டையைக் குவித்தது தான் என்றும், தன் ஊரில் ஆட்டுக்கு இப்படித்தான் வைப்போம் என்றும், குதிரைக்கு ஆகாது என்று தெரியாதென்றும், தன் தம்பிக்கும் அவன் மனைவிக்கும் இதில் சம்பந்தமில்லை என்றும் சொன்னாள். பிறகு பாஸ்போர்ட்டை நீட்டினாள்.

அந்த ஆள் அதை வாங்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினார். மருத்துவர் கை வேலையை நிறுத்தவில்லை. ஜோன்தான் திரும்பினார். பரவாயில்லை என்று அவர் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். இந்த ஊரில் காலை மிதித்தாலும் பரவாயில்லை என்பார்கள். ஜோன் அதைச் சொல்லவில்லை. தன் கையிலிருந்த வாளியை அக்காவிடம் கொடுத்து, இதைப் பிடித்துக்கொள் என்றார்.

அக்கா பிடித்துக்கொண்டாள். மத்தியானம் வரை லாயத்தை விட்டு வரவில்லை. வெள்ளைச் சேலையின் கொசுவம் சாணியிலும் சேற்றிலும் ஊறிவிட்டது. என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். நான் தெருவில் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

குதிரை பிழைத்துவிடும் என்று சாயங்காலம் மருத்துவர் சொன்னார். குட்டியைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது, வசந்தத்தில்தான் தெரியும் என்றார்.

5

அந்த வருடம் கொட்டை அதிகம் என்பதால் பன்றிகளை வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் காட்டில் விட்டு வைத்தார்கள். அக்கா காலையில் எழுந்ததும் குளிருக்கு என் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஜோனோடு பன்றிகளைப் பார்க்கப் போய்விடுவாள். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்தக் குவியலைப் பற்றி ஜோன் ஒரே ஒரு தடவைதான் பேசினார். உன் வாசலிலா, தெருவிலா, காட்டிலா, அது எங்கே தின்றது என்று உனக்கும் தெரியப்போவதில்லை எனக்கும் தெரியப்போவதில்லை என்றாராம். அக்காவுக்கு அதில் ஆறுதல் எதுவும் கிடைத்ததாகத் தோன்றவில்லை.

ரூத் அத்தையோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கதவை அறைவது, கத்துவது எதுவும் இல்லை. அத்தை இருக்கும் அறைக்கு வரமாட்டாள், அவ்வளவுதான். தலையைத் தானே பின்னிக்கொள்ள வராமல் முடியைக் கத்தரித்துவிட்டு வந்தாள். நான் இரண்டு பக்கமும் போய்ப் பேசினேன். அத்தை ரொம்ப வருத்தப்படுகிறாள் என்று இவளிடம், இவளுக்குப் பரீட்சை நேரம் என்று அவளிடம். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏலே சாமு, நீ சொல்லதுல எவ்வளவு அவ சொன்னது, எவ்வளவு ஒன் சரக்கு?" என்றாள். அவளுக்கு இந்த உலகத்தில் ரத்த சம்பந்தமென்று இருக்கிற ஒரே பிள்ளை ரூத்தான். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலேதான் டிசம்பரில் விமானம் ஏறினாள். ரூத் விமான நிலையத்துக்கு வரவில்லை.

குளிர்காலம் முழுக்க நான் நிலைகொள்ளாமல் திரிந்தேன். வேலையில் இருக்கும்போது ஆறுமுகநேரி, வீட்டில் இருக்கும்போது செல்வினின் ஏஜென்சி, தூங்கப் போனால் எதிர்வீட்டு லாயம். விமான டிக்கெட் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதும் ஒரு பழக்கமாகிவிட்டது. கிரேஸ், போவதென்றால் போங்கள், இல்லையென்றால் உட்காருங்கள், தரையாவது தேயாமல் இருக்கும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அக்கா போன் செய்வாள். எங்களைக் கேட்கும் முன் ஹேசலைக் கேட்பாள். தின்கிறதா, நடக்கிறதா, வயிறு தெரிகிறதா. எல்லாம் நன்றாக இருக்கிறது, வயிறுகூடத் தெரிகிறது என்பேன். குளிருக்கு ரோமம் புசுபுசுவென்று அடர்ந்த ஒரு குதிரையின் வயிற்றில் எனக்கு என்ன தெரியும்.

ரூத் மட்டும் தினமும் அது மேயும் இடத்துக்குப் போய் அதன் விலாவில் கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஏப்ரலில் காட்டில் குட்டிகள் தென்பட ஆரம்பித்தன. ரோட்டோரத்தில் நீளக் கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறிக்கொண்டு நிற்கும். மே வந்தது. ஜோனின் மற்ற இரண்டு குதிரைகளும் குட்டி போட்டன. ஹேசல் மெலிந்து, நல்ல பளபளப்போடு, தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. மே கடைசியில் ஜோன் மருத்துவரை வரவழைத்துப் பார்க்கச் சொன்னார். வயிற்றில் ஒன்றுமில்லை. குளிர்காலத்திலேயே எப்போதோ, யார் கண்ணிலும் படாமல், காட்டில் எங்கேயோ கலைந்து போயிருக்கிறது.

அந்த ஞாயிறு அக்கா கூப்பிட்டபோது நான் சமையலறையில் தயாராக இருந்தேன். குட்டி பிறந்துவிட்டது என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்திருந்தேன். பழுப்புக் குட்டி, நெற்றியில் வெள்ளை. அக்கா இனி இந்த ஊருக்கு வந்து பார்க்கவா போகிறாள் என்று கிரேஸிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ரூத் மேசையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். நான் எடுத்ததுமே அக்கா கேட்டாள்.

"அந்தக் குதிர குட்டி போட்டுச்சால?"

நான் தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் ரூத் எழுந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அத்தை," என்றாள். "குட்டி இல்ல அத்தை."

உப்பளக் காற்று மட்டும் போனில் உராய்ந்தது.

"ஹேசல் நல்லா இருக்கு. குட்டி மட்டும் வரல. வயித்துல இல்ல, டாக்டர் பாத்தாங்க." சொல் கிடைக்காமல் நின்றாள். நான் எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "அப்பா வேற சொல்வாங்க. இதான் நெஜம்."

பிறகு அக்காவின் குரல் வந்தது. "ஏளா ரூத்து, எம்மேல கோவமா இருக்கியா?"

"இருந்துச்சு," என்றாள் ரூத். பிறகு யோசித்து, "இப்பவும் கொஞ்சம் இருக்கு," என்றாள்.

"இருக்கட்டும்," என்றாள் அக்கா. "கொஞ்சம் இருக்கட்டும். போன வச்சிராத."

"வைக்கல."

"நீ ஒரு பேரு சொன்னிய எங்காதுல. அத நான் யார்ட்டயும் சொல்லல."

ரூத் ஸ்பீக்கரை அணைத்துவிட்டாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்து வெளியே போனாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். ஒரு கையால் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் எதற்கோ தலையாட்டினாள், போனில் தலையாட்டினால் தெரியாது என்பதை மறந்து. எந்தப் பாஷையில் பேசினாள், எத்தனை தப்போடு பேசினாள் என்று எனக்குத் தெரியாது. கிரேஸ் அடுப்பில் உலை வைத்தாள், அரிசி போட்டாள், வடித்தும் விட்டாள். ரூத் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

எனக்கு உட்கார முடியவில்லை. ஏதாவது சொல் கிடைக்காவிட்டால் கேட்பாள் என்று கதவுப் பக்கத்திலேயே நின்றேன். கடைசியில் ரூத் கதவைப் பாதி திறந்து என்னைப் பார்த்தாள். போனில், அப்பா நிற்கிறார், அவரிடம் கொடுக்கவா என்று கேட்டாள்.

அக்கா சொன்னது எனக்கும் கேட்டது.

"வேண்டாம்ளா. நீயே பேசு."